மயிலாத்தாக்கா டிரில்லுக்கு சென்னியப்பன் மோட்டார் மாத்தினது

ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர்ல மோட்டார் எரியக் கூடாதுங்க. மத்த நாள்ல எரிஞ்சா தெருவுக்குத் தெரு கடை இருக்கு, காயில் கட்டறவங்க இருக்காங்க, பழைய மோட்டார் விக்கறவங்க இருக்காங்க. ஞாயித்துக்கிழமை எரிஞ்சா சென்னியப்பன் மட்டும்தான் இருக்காரு.

என்ர பேக்கரிக்கு எதுத்தாப்புல மயிலாத்தாக்கா பட்டறை. கேட்டு, கிரில்லு, ஜன்னல் கம்பி வேலை. வீட்டுக்காரர் காலமான பொறகு அக்காதான் நடத்துது. பட்டறை நடுவுல ஆளுயரத்துக்கு ஒரு டிரில்லிங் மிஷின் நிக்கும். பின்னால மோட்டாரு, தலைக்கு மேல பெல்ட்டு, முன்னால துளை போடற பிட்டு. கைப்பிடியை இழுத்து இறக்கினா இரும்புல ஓட்டை விழும், அம்புட்டுத்தான்.

அன்னைக்குப் பார்த்து எங்க தெருவுக்குப் பொதுவான போர்வெல் படுத்துக்கிச்சு. கீழ போற பைப்பைத் தாங்கிப் பிடிக்கிற பிளேஞ்சுத் தகடு விரிஞ்சு போச்சு. போர் வேலை பார்க்கற பவுல்ராஜ் மேஸ்திரி காலையிலயே ஆளுகளோட வந்து, ஒசரமான இரும்பு முக்காலி நட்டு, செயின் போட்டு பைப்பைத் தூக்கித் தொங்க விட்டுட்டாரு. புதுத் தகட்டை அக்கா வட்டமா வெட்டி ரெடி பண்ணிருச்சு. போல்ட்டுக்கு ஓட்டை போட வேண்டியதுதான் பாக்கி. பெரிய ஓட்டை, கையில பிடிக்கிற டிரில்லுக்கு அடங்காது. மொத ஓட்டை பாதி இறங்கியிருக்கும், டிரில் மோட்டார் ‘உர்ர்’ருன்னு ஒரு சத்தம் போட்டுச்சு, கம்முனு நின்னுச்சு, பொகையா வந்துச்சு.

பவுல்ராஜ் வாட்சைப் பார்த்தாரு. “அக்கா, பொழுது சாயறதுக்குள்ள தகடு கைக்கு வந்தா மாட்டிக் குடுத்துட்டுப் போறேன். இல்லாட்டி பைப்பை அப்புடியே கட்டி வெச்சுட்டுப் போயிருவேன். பொள்ளாச்சியில தோட்டத்துக்காரருக்கு வாக்குக் குடுத்துட்டேன். திரும்பி வர வெள்ளிக்கிழமை ஆயிரும்.”

வெள்ளிக்கிழமை வரைக்கும் தெருவுக்குத் தண்ணி இல்லை. பட்டறை வாசல்ல அப்பவே குடம் வரிசை கட்டிருச்சு. வந்தவங்க அக்கா மொகத்தையே பார்த்துட்டு நின்னாங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லைங்க. அக்கா போனை எடுத்து சென்னியப்பனைக் கூப்பிட்டுச்சு.

சென்னியப்பன் ஒரு ஸ்பின்னிங் மில்லுல மெயின்டனன்ஸ்ல இருந்தவரு. அந்த மில்லு மூடினதுக்கு ஊர்ல ஆளுக்கொரு காரணம் சொல்லுவாங்க. அவரு சொல்ற காரணம் ஒண்ணுதான்: அன்னைக்கு அவரு லீவாம்.

வந்தாரு. மோட்டாரைக் கழட்டினாரு. அதுல குறை சொல்ல மாட்டேன், கழட்டறதுல அவரை அடிச்சுக்க ஆளே இல்லை. கழட்டின மோட்டாரைத் தூக்கிக்கிட்டு நேரா என் கடைக்கு வந்து, பஃப்ஸ் தட்டை ஓரமாத் தள்ளிட்டு மேசை மேல வெச்சாரு. பின்னாலயே பவுல்ராஜ் வந்து நின்னாரு, அக்கா வந்து பெஞ்சுல உக்காந்துச்சு.

“தம்பி, ஒரு டீ. ஸ்ட்ராங்கா. சக்கரை எச்சா.”

“ஏனுங்ணா, மோட்டாரைப் பார்க்கலீங்களா?”

“பார்த்துக்கிட்டேதான இருக்கறேன்” அப்படின்னுட்டு என்ர பிஸ்கட் பாட்டிலைப் பார்த்தாரு.

அந்நேரம் பன்னு வாங்க லீலாவதி வந்துச்சு. பின் தெருவுல வீட்டுலயே காயில் கட்டற பொண்ணு. நாளெல்லாம் தாமிரக் கம்பியோட மல்லுக்கட்டறதால ஞாயித்துக்கிழமை மட்டும் மோட்டார் மொகத்துல முழிக்கறதில்லைன்னு வைராக்கியமா இருக்கும். மேசை மேல மோட்டாரைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டுட்டு, மூடியைக் கழட்டி உள்ளாற எட்டிப் பார்த்துச்சு.

“காயில் பூராவும் கருகிப் போச்சுங்கண்ணா. புதுசாத்தான் கட்டணும். கட்டி, வார்னிஷ் ஊத்திக் காயணும். எப்புடிப் பார்த்தாலும் நாளைக்குத்தான்.”

பவுல்ராஜ் தலையில கை வெச்சுக்கிட்டாரு. அக்கா மோட்டாரை ஒருக்கா பார்த்துச்சு. பொறகு எந்திரிச்சு, முந்தானையை இழுத்துச் சொருகிட்டு விறுவிறுன்னு வீட்டுப் பக்கம் போயிருச்சு. அழுகப் போகுதுன்னு நான் நெனைச்சேன்.

சென்னியப்பன் டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சுனாரு.

“லீலா, நீ உள்ள பார்த்துச் சொல்ற. நான் மோந்து பார்த்தே சொல்லுவேன். இது எரிஞ்சப்ப நான் வீட்டுல சோத்துல கை வெச்சிருக்கேன். குப்புனு வாசம் வந்துச்சு. அரை எச்பி, சிங்கிள் ஃபேஸு, மயிலாத்தாக்காதுன்னு சொல்லிட்டுக் கையைக் கழுவிட்டேன். அப்புறம்தான் போனே அடிச்சுது.”

“மோட்டார் எரிஞ்ச வாசத்துல அக்கா பேருமாங்கண்ணா வருது?” லீலாவதி கேட்டுச்சு.

“பேரு வராது. இனிஷியல் வரும். மிச்சத்தை நாம யூகிக்கணும்.”

பவுல்ராஜ் இவரை மொத தடவை பார்க்கறாரு. பாவம், அவரு போய் மெனக்கெட்டுக் கேட்டுட்டாரு: “ஏனுங்ணா, வேற மோட்டாரு ஏதாச்சும் மாத்திப் போட முடியாதுங்களா?”

சென்னியப்பன் டம்ளரைக் கீழ வெச்சாரு.  அவரு டம்ளரைக் கீழ வெச்சா கதை ஆரம்பம், அன்னைக்கு வியாபாரம் அவ்வளவுதான்.

“மாத்திப் போடறதா? மேஸ்திரி, இதே மாதிரி டிரில்லுக்கு நான் மோட்டார் மாத்தியிருக்கேன். அன்னைக்கும் இதே ஞாயித்துக்கிழமைதான். கணபதியில நம்ம சொந்தக்காரப் பையன் பட்டறை. அரை எச்பி எங்கயும் கிடைக்கலை. நம்ம மில்லுல பதினஞ்சு எச்பி மோட்டாரு ஒண்ணு சும்மா கிடந்துச்சு. தூக்கிட்டு வந்துட்டேன்.”

“கிரேன் வெச்சா?” பவுல்ராஜ் கேட்டாரு.

“டவுன் பஸ்ல. மடியில வெச்சுக்கிட்டு. கண்டக்டர் அரை டிக்கெட் கேட்டாரு, கைக்குழந்தைன்னு சொல்லிட்டேன்.”

“அதை டிரில் மேல ஏத்தினா மிஷின் கவுந்துராதுங்களா?” பவுல்ராஜ் இன்னமும் நம்பிக்கையாக் கேட்டுக்கிட்டு இருந்தாரு.

“நியாயமான கேள்வி. அதனால மிஷினை மோட்டார் மேல ஏத்தினேன். அடுத்து பெல்ட்டு. அந்த மோட்டாருக்கு எந்தக் கடையில பெல்ட்டு கிடைக்கும்? ஏர்போர்ட்ல பெட்டியெல்லாம் சுத்தி வருமில்ல, அந்த பெல்ட்டு. கொஞ்ச நேரத்துக்கு இரவல் கேட்டேன், குடுத்தாங்க. அவசரத்துல ஒரு பெட்டியைக் கவனிக்காம அதோட சுருட்டிக் குடுத்துட்டாங்க. மிஷின் ஓடறப்ப அதும்பாட்டுக்கு மேல சுத்திக்கிட்டு இருக்குது. சிங்கப்பூர்ல இருந்து வந்த ஒருத்தர் தேடிக்கிட்டு நேராப் பட்டறைக்கே வந்து, ரெண்டு சுத்து பார்த்துட்டு, மூணாவது சுத்துல லபக்குனு எடுத்துட்டுப் போனாரு.”

“நன்றி சொன்னாருங்களா?” லீலாவதி பன்னைப் பிச்சு வாயில போட்டுக்கிட்டே கேட்டுச்சு.

“தைலம் ஒரு பாட்டில் குடுத்தாரு. தீந்து போச்சு, இல்லாட்டிக் காட்டுவேன்.”

“சுவிட்சைப் போடுங்கண்ணா சீக்கிரம். எனக்கு வேலை இருக்கு.”

“போட்டேன். போட்டதும் கோயமுத்தூர் முழுக்க விளக்கு மினுக்குனு ஆயிருச்சு. பல்லடத்துல தறி நின்னுச்சு. இந்த மோட்டார் இழுக்கற இழுப்புல உடுமலைப்பேட்டைக் காத்தாலை எல்லாம் காத்துக்குக் காத்திருக்காம தானாச் சுத்த ஆரம்பிச்சுருச்சு. அதுக சுத்தின சுத்துல காத்து கிளம்பி, பாலக்காட்டுக் கணவாய் வழியா வந்த வழியே திரும்பிப் போயிருச்சு. எங்களுக்கு வேண்டாம்னு நாங்க அனுப்பின காத்தை எதுக்குத் திருப்பி அனுப்பறீங்கன்னு பாலக்காட்டுக்காரங்க ஒரே சண்டை.”

கடை வாசல்ல இப்பக் குடத்தோட நின்னவங்க நாலு பேரு கூடிட்டாங்க. தண்ணிதான் இல்லை, இதையாச்சும் கேப்போம்னு நெனைச்சாங்களோ என்னமோ. ஆள் சேரச் சேர சென்னியப்பனுக்குக் குரல் ஏறிக்கிட்டே போகும்.

“சரி, ஓட்டை விழுந்துச்சா இல்லீங்களா?” நான் கேட்டேன். இதைக் கேட்டா முடிச்சுருவாருன்னு ஒரு நப்பாசை.

“விழுந்துச்சாவா? கைப்பிடியில கை வெச்சேன் தம்பி. பிட்டு இன்னும் தகட்டைத் தொடலை. அது வர்ற வேகத்தைப் பார்த்துட்டுத் தகடு தானா ஓட்டை விட்டு ஒதுங்கிருச்சு. அதுக்குக் கீழ டேபிளு, அதும் ஒதுங்கிருச்சு. கீழ காங்கிரீட்டு. அதுக்குக் கீழ பாறை. நான் கைப்பிடியை நிறுத்தலாம்னு பார்க்கறேன், மண்ணுக்குள்ள ‘போறேன் போறேன்’னு போயிக்கிட்டே இருக்குது. மேஸ்திரி, நீங்க எத்தனை அடி போர் போடுவீங்க?”

“இந்தப் பக்கம் ஆயிரம் அடியாச்சும் போவணும்.”

“நான் பிட்டை ஒருக்காக்கூட வெளிய எடுக்காம அதைத் தாண்டிப் போனேன். தண்ணி வந்துச்சு பாருங்க! சுடுதண்ணி! ஆழத்துல இருந்து வர்றதால கொதிச்சுக்கிட்டே வருது. டீத்தூள் போட்டாப் போதும், பேக்கரியே நடத்தலாம்.”

இது எனக்குன்னு சொன்னது. நான் பால் பாத்திரத்தைக் கழுவற மாதிரி திரும்பிக்கிட்டேன். கழுவத் தண்ணி இல்லைங்கறது அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.

பவுல்ராஜுக்கு இப்பத்தான் விஷயம் பிடிபட்டுச்சு. மொகத்துல இருந்த நம்பிக்கை வடிஞ்சு ஒரு சிரிப்பு வந்துச்சு. “அவ்வளவு தண்ணியும் இப்ப எங்கீங்ணா?”

“வந்த வேகத்துல மேல போயிருச்சு. அந்த வருஷம் ஐப்பசியில சேர்ந்தாப்புல அடைமழை அடிச்சுதே, வேற யாரு போட்டதுன்னு நெனைச்சீங்க?”

“நாங்க சாமி குடுத்ததுன்னு கும்பிட்டுட்டோமுங்கண்ணா” அப்படின்னுச்சு லீலாவதி. “தப்பாப் போச்சு.”

“பரவாயில்லை. நான் வெளிய சொல்லிக்கறதில்லை. ஆனாக் கதை அதோட முடியலை லீலா. பாறையில பிட்டு கடிச்சுக்கிச்சு. நகர மாட்டேங்குது. மோட்டார் நிக்க மாட்டேங்குது. இப்ப நீயே சொல்லு. பிட்டு சுத்தலைன்னா மிஷின் சுத்தணும். மிஷினைத் தரையில போல்ட்டு போட்டு இறுக்கியிருக்கு. அப்ப என்ன சுத்தும்?”

சென்னியப்பன் டம்ளரை மேசையில ஒரு சுத்து சுத்திக் காட்டினாரு.

“பட்டறை சுத்தும்! சுத்துச்சு. வாசல்ல நொழைஞ்ச ஆளு ‘வணக்கம்’னு சொல்லிக் கால் வெக்கறதுக்குள்ள பின் தெருவுல நிக்கறாரு. போஸ்ட்மேன் தபாலை வீசினாரு, அது ஒவ்வொரு தெருவாப் போயி எல்லா வீட்டுக்கும் கிடைச்சுருச்சு. கடைசியா நிக்கறப்ப, தெக்கப் பார்த்த வாசல் கெழக்கப் பார்த்து நிக்குது. வாஸ்து பார்க்கறவர் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. ஒரு செங்கல் பேர்க்காம வாசலைத் திருப்பினவரை இப்பத்தான் பார்க்கறேன்னாரு.”

“மெயினை ஆஃப் பண்ணியிருக்கலாமேங்கண்ணா?” லீலாவதி கேட்டுச்சு.

“பண்ணினேன். நிக்கலை. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். நிக்கலை. கம்பத்துல ஏறி வயரையே வெட்டிட்டேன். பிடிச்ச வேகத்துலயே ஓடுது. கடைசியா ரெண்டு ஃபேஸ் வயரை எடம் மாத்திக் குடுத்தேன். அப்பத்தான் ரிவர்ஸ் எடுத்துச்சு.”

லீலாவதி பன்னைக் கீழ வெச்சுச்சு. மத்ததையெல்லாம் பொறுத்துக்கும், மோட்டார் விஷயத்துல மட்டும் பொறுக்காது. “ஒரு நிமிஷமுங்கண்ணா. வயரை வெட்டிட்டீங்க. வெட்டின வயர்ல ஃபேஸை எப்புடி மாத்தினீங்க?”

 குடத்தோட நின்ன ஒரு பாட்டியம்மா, “ஆமா, அதைச் சொல்லு”ன்னுச்சு.

சென்னியப்பன் அசரலை. “இதே கேள்வியைத்தான் எங்க மில்லு இன்ஜினியரும் கேட்டாரு. கேள்வி கேட்டுக்கேட்டே மில்லை மூடிட்டாங்க.”

“லீவு போட்டதாலதான மூடினாங்க?” நான் கேட்டேன்.

“அவரு கேட்ட கேள்வியிலதான் நான் லீவு போட்டேன். குறுக்க பேசாத, ரிவர்ஸுக்கு வர்றேன். மோட்டார் ரிவர்ஸ்ல சுத்தினா டிரில் என்ன பண்ணும்? தரையில கிடந்த இரும்புச் சுருளெல்லாம் பாம்பு மாதிரி நெளிஞ்சு வந்து ஓட்டைக்குள்ள இறங்குது. தகட்டுல போட்ட ஓட்டை மூடிருச்சு, தடவிப் பார்த்தா வழவழன்னு இருக்கு. சரி, நம்ம தகடுதானன்னு விட்டா, அந்த மிஷின்ல அதுக்கு முன்னால போட்ட ஓட்டையெல்லாம் அங்கங்க மூட ஆரம்பிச்சுருச்சு. கேட்டுல கீல் கழண்டு விழுது. பூட்டு மாட்ட ஓட்டை இல்லை. ஜனம் கேட்டைத் தூக்கிக்கிட்டுப் பட்டறைக்கு ஓடி வருது.”

“அதோட நிக்கலைன்னு சொல்லுங்க” அப்படின்னாரு பவுல்ராஜ். அவரும் இப்ப ஒரு டீ சொல்லி உக்காந்துட்டாரு. வேலை நடக்கலை, இதாவது நடக்கட்டும்னு.

“எப்புடி நிக்கும்? பதினஞ்சு எச்பி! அப்புறம் அது ஓட்டைன்னு பேரு வெச்ச எதையும் விடலை. சல்லடை தட்டா ஆயிருச்சு. டெய்லர் ஊசியில காது அடைச்சுப் போச்சு. கல்யாண மண்டபத்துல நாயனக்காரர் ஊதறாரு, கன்னம்தான் உப்புது, சத்தத்தைக் காணோம். மாப்பிள்ளை கையில தாலியை வெச்சுக்கிட்டு மேளத்துக்குக் காத்துக்கிட்டு நிக்கறாரு. ஊர்ல ஒரு வீட்டுல இடியாப்பம் பிழிய முடியலை. ஆனா ஒண்ணு சொல்லணும்.” சென்னியப்பன் குரலைத் தாழ்த்தினாரு. எல்லாரும் கிட்டப் போனோம். வெக்கக்கேடு, நானும்தான் போனேன். “அன்னைக்கு ஒரு நாள் நம்மூரு ரோட்டுல ஒரு குழி இல்லை.”

அந்தக் கூட்டத்துல அதுவரைக்கும் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்த ஒரு ஆட்டோக்காரர், “இது பொய்யி”ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

“நெசம்ப்பா! நான் அப்புடியே விட்டிருப்பேன். பொம்பளைகதான் வந்து ரோடு எப்புடியோ போகட்டும், இடியாப்பம் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. மனசு கேக்காமத் திரும்ப முன்னால சுத்த விட்டேன். அதனாலதான் குழியெல்லாம் திரும்பி வந்துருச்சு. அதுக்கு என்னைக் குறை சொல்லாதீங்க, இடியாப்பத்தைச் சொல்லுங்க.”

அவரு முடிச்சு, காலி டம்ளரை எடுத்து ஒரு வாய் உறிஞ்சறாரு, எதுத்தாப்புல பட்டறையில இருந்து ‘ர்ர்ர்ர்’ருன்னு சத்தம். டிரில் ஓடற சத்தம்.

மேசை மேல மோட்டாரைப் பார்த்தோம். அது அங்கயேதான் இருந்துச்சு. எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். நான் சொல்ல வெக்கப்படலைங்க, ஒரு நொடி எனக்கு அந்தப் பதினஞ்சு எச்பி ஞாபகம் வந்துருச்சு.

ஓடிப் போய்ப் பார்த்தோம். மயிலாத்தாக்கா டிரில் முன்னால நின்னு கைப்பிடியை நிதானமா இறக்கிக்கிட்டு இருந்துச்சு. பின்னால வேற ஒரு மோட்டாரு. அளவு பொருந்தாததால குறுக்க ஒரு இரும்புப் பட்டையை வெல்டு வெச்சு அதுல இறுக்கியிருந்துச்சு. வெல்டு சூடு இன்னும் ஆறலை. மோட்டார் ஓரத்துல வெள்ளையாக் காஞ்சு போன மாவு அப்பியிருந்துச்சு.

“அக்கா, இது…” லீலாவதி கிட்டப் போய்ப் பார்த்துச்சு. “உங்க வீட்டுக் கிரைண்டர் மோட்டாருங்களா?”

“அதும் அரை எச்பிதான? மாவு ஆட்டறது ஓட்டை போடாதா?” திரும்பாமயே சொல்லிட்டு, பிட்டுல ஆயில் ஊத்துச்சு. இரும்புச் சுருள் பளபளன்னு சுருண்டு கீழ விழுந்துச்சு.

மொத ஓட்டை விழுந்ததும் பவுல்ராஜ் குனிஞ்சு சுருளை ஒதுக்கி விட்டாரு. நாலாவது ஓட்டைக்கு லீலாவதி தகட்டைத் திருப்பிக் குடுத்துச்சு. கடைசி ஓட்டை விழுந்ததும் பவுல்ராஜ் சூட்டோட தகட்டைத் துணியில சுத்தி வாங்கிட்டு ஓடினாரு. அக்கா அப்பத்தான் கைப்பிடியை விட்டு, சுவத்துல சாஞ்சு, முந்தானையால மொகத்தைத் தொடைச்சுச்சு. வேர்வைதான்னு சொன்னுச்சு. நாங்களும் வேர்வைன்னே வெச்சுக்கிட்டோம்.

வெயில் இறங்கறதுக்கு முன்னால பைப்பு உள்ள போயிருச்சு. போர் மோட்டார் போட்டதும் மொத கொஞ்சம் செம்மண்ணாக் கக்குச்சு, அப்புறம் தெளிஞ்ச தண்ணி. தெருவே குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுச்சு. நான் ரெண்டு குடம் பிடிச்சு வெச்சுட்டு நெசமாவே பால் பாத்திரத்தைக் கழுவினேன். பவுல்ராஜ் முக்காலியை வேன்ல ஏத்திட்டு, மயிலாத்தாக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் பொள்ளாச்சிக்குக் கிளம்பினாரு.

சென்னியப்பன் பட்டறை வாசல்லயே நின்னு, போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம், “மோட்டாரைக் கழட்டி எடம் பண்ணிக் குடுத்ததே நான்தான். எடம் இல்லாட்டி அக்கா எங்க மாட்டியிருக்கும்?”னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. அதுல தப்பும் சொல்ல முடியாது.

அக்கா கையைக் கழுவிட்டு வெளிய வந்துச்சு.

“சென்னியப்பா, இங்க வா.”

“சொல்லுங்கக்கா.”

“நாளைக்குக் காலையில இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஊறிக்கிட்டு இருக்கு. வீட்டுல அஞ்சாறு பேரு ஒறம்பரை வந்திருக்காங்க. கிரைண்டர் மோட்டாரு டிரில் மேல உக்காந்திருக்கு. டிரில் மோட்டாரு லீலா கட்டித் தர நாளைக்கு ஆயிரும்.”

“ஆமாங்கக்கா, கஷ்டம்தான்.”

“வீட்டுக்குப் பின்னால ஆட்டுக்கல்லு கிடக்கு. கழுவி வெச்சுட்டேன். வந்து மாவை ஆட்டிக் குடுத்துட்டுப் போ.”

சென்னியப்பன் கடைப் பக்கம் பார்த்தாரு, எங்க மொகத்தைப் பார்த்தாரு. யாரும் உதவிக்கு வர்ற மாதிரித் தெரியலை. அப்புறம் தொண்டையைச் செருமிக்கிட்டு, கையை இடுப்புல வெச்சுக்கிட்டாரு.

“ஆட்டுக்கல்லுங்களா அக்கா? ஒருக்கா திருச்செங்கோட்டுல ஒரு கல்யாணத்துக்கு நான் ஆட்டுக்கல்லு சுத்தறேன், சுத்தின வேகத்துல குழவி கையை விட்டுக் கிளம்பி…”

“ஆட்டிக்கிட்டே சொல்லு” அப்படின்னுட்டு அக்கா முன்னால நடந்துச்சு.